மாரி வருமுன் ஒரு தாள்: திருகோணமலை நகரத்தின் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

திருகோணமலை மாவட்ட அரசாங்க அதிபர், பட்டினமும் சூழலும் பிரதேச செயலாளர், நகரின் உள்ளூராட்சி சபைத் தலைவரும் உறுப்பினர்களும், மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவினர், சுகாதார வைத்திய அதிகாரி ஆகியோருக்கு,

வணக்கம்.

ஐப்பசி பிறக்குமுன் நகரத்தின் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள் தேவை. அதைக் கேட்கவே இந்த மடலை எழுதுகிறோம். எந்த மழைநீர்க் கான் எந்தத் திகதியில் துப்புரவாகும், தண்ணீர் ஏறினால் எந்த மண்டபத்துக்குப் போவது, அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது, கிணற்றுக்குக் குளோரின் தூள் எங்கே கிடைக்கும், இரவில் யாரை அழைப்பது என்பன அதில் இருந்தால் போதும். மழை தொடங்கிய பிறகு வரும் உலருணவுப் பொதியைவிட இந்தத் தாள் கூடுதலான பேரைக் காப்பாற்றும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இந்தக் கரைக்கு மாரி புதிதல்ல. 1964 டிசம்பரில் அடித்த சூறாவளி திருகோணமலைப் பக்கமாகத் தரையேறிப் பின் இராமேஸ்வரத்தைத் தாக்கியது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு அழிந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஒரு புயல், 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு குச்சவெளிப் பக்கமாகக் கரை கடந்த புரெவி, 2025 நவம்பர் கடைசியில் டித்வா. எல்லாம் கார்த்திகை, மார்கழியை ஒட்டியே வந்தன. காலம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருப்பதால் ஆயத்தத்துக்கும் திகதி குறிக்க முடியும்.

டித்வாவின்போது மாவிலாற்று அணை உடைந்து மூதூர், வெருகல் பக்கங்கள் பட்ட பாடு நாடறிந்தது. அதனால் வெள்ளம் என்றாலே ஆற்றுப் பக்கத்துக் காரியம், பட்டினத்துக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்ற நினைப்பு நகரத்தில் பலருக்கு உண்டு. அது பிழை. பட்டினத்தின் வெள்ளம் வேறு வகையானது. அது ஆளை அடித்துக்கொண்டு போகாது. ஒழுங்கைகளில் முழங்கால் அளவுக்கு இரண்டு மூன்று நாள் நின்று, மலக்குழியையும் கிணற்றையும் ஒன்றாக்கிவிட்டு வடியும். அதன் பிறகு காய்ச்சல் வரும்.

முதலில் கான்களைப் பற்றிச் சொல்கிறோம். மற்றவற்றுள் பாதி இதிலிருந்தே தொடங்குகிறது.

ஒரு பக்கம் உட்துறைமுகமும் மறுபக்கம் பின்குடாவும் டச்சுக் குடாவுமாக, இரு கடலுக்கு நடுவே ஒடுங்கிய தரையில் நம் நகரம் இருக்கிறது. கடல் அருகில்தானே, மழைநீர் தானாக வடிந்துவிடும் என்று தோன்றும். வாடைக் காலத்தில் அப்படி நடப்பதில்லை. திறந்த கடலைப் பார்த்த கரையில் அலை மணலை அள்ளிவந்து கானின் வாயில் திடலாகப் போட்டுவிடும். அதே மாதங்களில் கடல் மட்டமும் மற்றக் காலத்தைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். மேலே எவ்வளவு துப்புரவாக்கினாலும் வாய் அடைபட்டிருந்தால் தண்ணீர் திரும்பி ஒழுங்கைக்குள்தான் ஏறும். ஆகவே வேலையைக் கடல் முனையில் தொடங்கி மேல்நோக்கிக் கொண்டுவர வேண்டும். பிரதான வீதியில் தொடங்கிக் கீழே போனால், கிளறிய மண் முழுவதும் கீழ் மதகில் போய் அடையும். கடல்வாயை ஒருமுறை வெட்டிவிட்டாலும் போதாது. கார்த்திகை முடியும்வரை ஒவ்வொரு கடுங்காற்றுக்குப் பிறகும் பார்த்துத் திரும்ப வெட்ட வேண்டும். அதற்கு ஆளும் மண்வெட்டியும் முன்கூட்டியே ஒதுக்கியிருக்க வேண்டும். கரையோரத்து மீனவர் சங்கங்களிடம் இந்தப் பொறுப்பைக் கூலியுடன் ஒப்படைக்கலாம். மணல் எந்த இரவில் வந்து அடைக்கும் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

அடுத்தது, அள்ளிய சேறு. அள்ளிக் கான் ஓரத்தில் குவித்துவிட்டு லொறி வரும்வரை கிழமைக் கணக்கில் விடுவதுதான் வழக்கம். ஒரு நல்ல மழை போதும், குவித்ததில் பாதி திரும்ப உள்ளே போய்விடும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் ஏற்ற வேண்டும். லொறியின் திகதி உறுதியாகாமல் கானில் மண்வெட்டியை வைக்கவே கூடாது.

எவ்வளவு அள்ள வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 30 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள ஒழுங்கைக் கானில் 10 சென்ரிமீற்றர் சேறு படிந்தால், அதனால் கொண்டுபோகக்கூடிய நீர் ஏறத்தாழ 40 வீதம் குறைகிறது. மேலோட்டமாகக் குப்பையை மட்டும் பொறுக்கிவிட்டு “துப்புரவு முடிந்தது” என்று பதிந்தால், அந்த 40 வீதம் வீட்டு வாசலில்தான் நிற்கும். பதிவேட்டில் மீற்றர் நீளத்துடன் அள்ளிய சேற்றின் அளவையும் லொறிக் கணக்கில் எழுதச் செய்யுங்கள்.

வீட்டு வாசலில் கானை மூடிய கொங்கிறீற் பலகைகள் தனிப் பிரச்சினை. பல இடங்களில் அவை சீமெந்து பூசி ஒட்டப்பட்டுள்ளன. கீழே என்ன அடைத்திருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. 60 சென்ரிமீற்றருக்கு 45 சென்ரிமீற்றர், 7.5 சென்ரிமீற்றர் கனமுள்ள பலகை ஏறத்தாழ 50 கிலோ வரும். இரு முனையிலும் கம்பி வளையம் வைத்து வார்த்தால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். இனிமேல் இந்த அளவுக்கு மேற்பட்ட, வளையமில்லாத பலகைக்கு அனுமதி கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஒட்டியவற்றில் ஐந்து மீற்றருக்கு ஒன்றையாவது பெயர்த்து மாற்றிக் கொடுங்கள்.

குடியிருப்பாளர் பங்கும் இதில் பெரியது, அதை மறைக்கவில்லை. 10 பேர்ச்சஸ் வளவு என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வானிலை அறிக்கையில் 100 மில்லிமீற்றர் மழை என்று வாசிக்கும்போது, அந்த ஒரு வளவில் மட்டும் 25 ஆயிரம் லீற்றருக்கு மேல் விழுகிறது என்று பொருள். 1,000 லீற்றர் தாங்கி 25. நம் கரையோர மணல் தரை இதில் பெரும்பகுதியைக் குடிக்கக்கூடியது. முற்றம் முழுக்கச் சீமெந்தும் இன்டர்லொக் கல்லும் பதித்தால் அவ்வளவும் கானுக்குத்தான் வரும். கட்டட அனுமதி கொடுக்கும்போது வளவில் ஒரு பங்கு மண்ணாகவே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கானுக்குள் பொலித்தீன் பையும் யோகட் கோப்பையும் போடுவோருக்கும் சட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அந்தப் பொலித்தீனைத்தான் நகரத்துப் புள்ளிமான்களும் தின்கின்றன.

மண்மூட்டை கேட்டு வருவோருக்கு வெறும் சாக்கை மட்டும் கொடுத்து அனுப்பாமல் இதையும் சொல்லி அனுப்புங்கள்: சாக்கில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்ப வேண்டும், வாயைக் கட்டாமல் மடித்து அடியில் விட வேண்டும், செங்கல் அடுக்குவதுபோல் இணைப்பு மாறி மாறி வர அடுக்கி மிதித்து இறுக்க வேண்டும். முழுக்க நிரப்பிக் கட்டிய மூட்டை உருண்டையாகி, இடைவெளியால் தண்ணீரை விட்டுவிடும்.

இனி, தங்குமிடம். எந்தப் பாடசாலை, எந்த மண்டபம் என்பது உத்தியோகத்தர்களிடம் பட்டியலாக இருக்கும். அது மக்களிடம் இல்லை. ஒழுங்கைக்கு ஒழுங்கை, “இந்த வீடுகள் இந்த மண்டபத்துக்கு” என்று தாளில் அச்சிட வேண்டும். திறப்பு இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், அதில் ஒருவராவது அந்த மண்டபத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். அதிபர் வெளியூரில் இருக்க, காவலாளி விடுமுறையில் இருக்க, மழைக்குள் வெளிவாசலில் குழந்தைகளோடு நிற்பது யாருக்கும் வரக்கூடாத நிலை.

எத்தனை பேர் தங்கலாம் என்பதையும் கணக்கிட்டே எழுத வேண்டும். அனர்த்த வேளைகளுக்கென உலகெங்கும் ஏற்கப்பட்ட குறைந்தபட்ச அளவு, ஆளுக்கு 3.5 சதுர மீற்றர். 20 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் உள்ள மண்டபத்தில் 45 பேர்தான் தங்கலாம், 150 பேர் அல்ல. 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்றால் அந்த 45 பேருக்கு மூன்று வேண்டும். அதில் கூடுதலானவை பெண்களுக்கு, உள்தாழ்ப்பாளுடனும் இரவில் வெளிச்சத்துடனும். ஆளுக்கு நாளுக்கு 15 லீற்றர் நீர் என்று வைத்தால் 675 லீற்றர். 1,000 லீற்றர் தாங்கி ஒன்றரை நாளுக்குத்தான் தாங்கும். கந்தளாயிலிருந்து வரும் குழாய்நீர் தடைப்பட்டால் தண்ணீர்ப் பவுசர் வண்டி எத்தனை நாளுக்கொருமுறை வர வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

பால்கொடுக்கும் தாய்மாருக்கு மறைப்புள்ள ஒரு மூலை கட்டாயம் வேண்டும். கொடையாளர்கள் பால்மாவும் போத்தலும் கொண்டுவந்தால் குடும்பநல மாதுவைக் கேட்காமல் பகிராதீர்கள். கலங்கிய நீரில் கழுவிய போத்தல் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டத்தைத் தரும், தாய்ப்பாலையும் குறைக்கும்.

பாடசாலைகளை மட்டும் நம்பியிருப்பதில் இன்னொரு இடர் இருக்கிறது. 2024இலும் 2025இலும் உயர்தரப் பரீட்சை நவம்பர், டிசம்பரில் வந்தது. இரு முறையும் மழையும் புயலும் அதை இடைநிறுத்தின. பரீட்சை மண்டபமே தங்குமிடமாக இருந்தால் இரு பக்கமும் கெடும். கோவில் மண்டபங்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், விகாரைகள், கலியாண மண்டபங்களின் பொறுப்பாளரோடு இப்போதே எழுத்தில் உடன்பாடு செய்து, பரீட்சைக் கூடங்களைப் பட்டியலிலிருந்து விடுவியுங்கள். மாடிக் கட்டடமா, சக்கர நாற்காலி ஏறுமா என்பதையும் அருகில் குறியுங்கள்.

கிணறுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். இங்கேதான் நல்லெண்ணத்தோடு செய்யும் பிழைகள் அதிகம்.

வெள்ளம் வடியத் தொடங்கியதும் எல்லாரும் இறைப்பு இயந்திரத்தைத் தேடுவார்கள். சுற்றிலும் நிலம் தண்ணீரில் ஊறி நிற்கையில் கிணற்றை அடிவரை இறைத்தால், வெளி அழுத்தத்தில் வளையங்கள் உட்சரியும். மணல் தரையில் இது எளிதில் நடக்கும். வெளி நீர் மட்டம் இறங்கும்வரை காத்திருந்து, மெல்ல இறைத்து, அடிச்சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது, அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். இயந்திரம் மேலே, காற்றுப் போகும் பக்கத்தில் இருக்கட்டும்.

பிறகு குளோரின். கிணற்றில் எத்தனை லீற்றர் நீர் என்று அறிய, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை நீரின் உயரத்தாலும் 785ஆலும் பெருக்கினால் போதும், அளவுகள் மீற்றரில் இருக்க வேண்டும். ஒன்றரை மீற்றர் விட்டத்தில் இரண்டு மீற்றர் நீர் நின்றால் ஏறத்தாழ 3,500 லீற்றர். 30 வீதக் குளோரின் உள்ள தூளில் 3.3 கிராம், 1,000 லீற்றர் நீரில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் குளோரினைத் தரும். அந்தக் கிணற்றுக்கு அது 12 கிராம் அளவு. இது சுத்தமான நீருக்கான கணக்கு. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல் முறை இடுவது இதைவிடப் பன்மடங்கு, அந்த அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தூளை நேரே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் ஊற்றி, வாளியால் கலக்கி, சொல்லப்பட்ட நேரம் விட வேண்டும். சேறு அள்ளாத கிணற்றில் இட்டால் குளோரினைச் சேறே தின்றுவிடும். அரை மணி நேரத்துக்குப் பிறகும் லீற்றருக்கு அரை மில்லிகிராம் மிஞ்சியிருந்தால்தான் குடிநீர் பாதுகாப்பானது. அதைச் சோதிக்கும் சிறு பெட்டி ஒவ்வொரு பரிசோதகரிடமும் இருக்க வேண்டும்.

தூள் ஈரத்தில் வலுவிழக்கும். போன மாரியில் திறந்த பையை இந்த மாரிக்குக் கொடுத்தால் பெயருக்குத்தான் குளோரின். புதிதாக வாங்கி, அளந்து, சிறு பொதிகளாகக் கட்டி, காற்றுப்புகாத வாளியில் கிராம உத்தியோகத்தர் பணிமனையில் வையுங்கள்.

இன்னொன்று. ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கிணற்றை மட்டும் சுத்திகரித்துப் பயனில்லை. மணலுக்கடியில் நீர் ஒன்று. 50 அடிக்குள் ஒரு மலக்குழி நிரம்பி வழிந்தால், அடுத்த நாளே பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே குழியெடுக்கும் வண்டியும் கிணற்றுத் துப்புரவுக் குழுவும் ஒரே ஒழுங்கைக்கு ஒரே நாளில் வர வேண்டும். அதுவரை குடிக்கும் நீரை நன்றாகக் கொதிக்கவிட்டே குடிக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் நாளுக்கு இருமுறை சொல்லுங்கள்.

காய்ச்சல்கள். 2017இல் கிண்ணியா டெங்குவால் பட்டது யாருக்கும் மறந்திருக்காது. முட்டையிலிருந்து நுளம்பு வெளிவர ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், அதனால்தான் கிழமைக்கொரு நாள் துப்புரவு என்கிறோம். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் போதாது, உள்சுவரைத் தும்புத் தூரிகையால் தேய்க்க வேண்டும். சிரட்டை, தயிர்ச்சட்டி, பீலி, நீர்மானிப் பெட்டி எல்லாம் பார்ப்போம். விடுபடுவது கூரை. காற்றுக்குத் தகரம் பறக்காதிருக்க மேலே வைக்கும் பழைய டயரில் தண்ணீர் நின்று, நுளம்புக்கு வீட்டின் உச்சியிலேயே தொட்டிலாகிறது. புயலில் அந்த டயரும் கல்லும் தாமே பறந்து அடுத்த வீட்டைத் தாக்கும். தகரத்தைக் கொக்கி ஆணியால் ஓர வரிசையில் நெருக்கமாகப் பிணைப்பதே வழி. வறிய குடும்பங்களுக்கு நிவாரணமாகத் தறப்பாள் கொடுப்பதற்குப் பதிலாக முன்கூட்டியே ஆணியும் தச்சரின் அரை நாள் கூலியும் கொடுப்பது நல்லது.

காய்ச்சல் கண்டால் பரசிற்றமோல் மட்டும், அஸ்பிரினோ இபுபுரோபனோ வேண்டாம், காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்குவின் ஆபத்துக் கட்டம் தொடங்கலாம் என்பதைத் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள். வெள்ளநீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கிடைக்கும் என்பதையும் சேருங்கள். கான் துப்புரவுத் தொழிலாளர்தான் அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள். அவர்களுக்கு முழங்கால்வரையான சப்பாத்தும் கையுறையும் கொடுக்காமல் வேலைக்கு இறக்குவது அநியாயம்.

மின்சாரத்துக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. வீட்டுக்குள் நீர் ஏறுமுன் பிரதான ஆளியை அணைக்க வேண்டும், தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது, அறுந்த கம்பியை நெருங்காமல் 1987க்கு அழைக்க வேண்டும். கம்பியை உரசும் கிளைகளைப் புரட்டாசியிலேயே வெட்டுவது உங்கள் வேலை.

நம் ஊரில் மார்கழி என்றால் பனி கொட்டுவதில்லை. ஆனாலும் நனைந்த உடையும் ஈர நிலமும் வாடைக் காற்றும் சேர்ந்தால் முதியவருக்கும் பச்சிளம் குழந்தைக்கும் குளிர் ஆபத்தானது. போர்வையைவிட முதலில் வேண்டியது நிலத்துக்கும் உடம்புக்கும் இடையில் பாயும் தடித்த மட்டையும்தான். தனித்து வாழும் முதியோர், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போவோர், இன்சுலின் எடுப்போர், அடுத்த நான்கு கிழமைக்குள் பிள்ளைப்பேறு குறிக்கப்பட்டவர்கள் ஆகியோரின் பட்டியலைக் கிராம உத்தியோகத்தரும் குடும்பநல மாதுவும் சேர்ந்து மாதத்துக்கொருமுறை திருத்த வேண்டும். இவர்களைத் தண்ணீர் வந்த பிறகு அல்ல, எச்சரிக்கை வந்த நேரத்திலேயே மாற்ற வேண்டும். பட்டியலைப் பலகையில் ஒட்டக் கூடாது, அது அவர்களின் மானம்.

எச்சரிக்கை பற்றி. தமிழ் அறிவித்தலும் சிங்கள அறிவித்தலும் ஒரே வேளையில் வெளிவர வேண்டும். ஒன்று இரண்டு மணி நேரம் பிந்தினாலும் அந்த இரண்டு மணி நேரம் ஒரு குடும்பத்தின் வாழ்வாக இருக்கலாம். ஒவ்வொரு அறிவித்தலிலும் வெளியிட்ட திகதி, நேரம், எதுவரை செல்லும் என்பன முதல் வரியில் இருக்க வேண்டும், ஏனென்றால் போன வருடத்து அறிவித்தல் வட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. தொலைபேசிக் கோபுரம் விழுந்தால் கோவில் மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஓட்டோவும்தான். அந்த ஒலிபெருக்கிகளுக்கு மின்கலம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். புயலின் நடுவில் காற்றுத் திடீரென ஓய்ந்தால் அது முடிந்ததாகாது, எதிர்த்திசையிலிருந்து மறுபாதி வரும், யாரும் வெளியே இறங்க வேண்டாம் என்பதையும் அதே குரலில் சொல்லுங்கள். திருக்கடலூர் போன்ற கரைகளில் வள்ளங்களை எந்த நிற அறிவித்தலில் மேலேற்றுவது, எங்கே ஏற்றுவது என்பதை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களோடு பேசித் தீர்மானித்து எழுதுங்கள். கடைசி நேரத்தில் இடத்துக்கு அடிபட வைக்காதீர்கள்.

தாளின் அடியில் எண்கள் பெரிதாக இருக்கட்டும்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, தீயணைப்பும் மீட்பும் 110, மின்சாரம் 1987, குடிநீர் 1939. அவற்றுக்கு மேலே பிரிவின் கிராம உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மண்டபத் திறப்பு வைத்திருக்கும் இருவர் ஆகியோரின் பணி எண்களை இடுங்கள். நாடு முழுவதற்குமான எண்ணில் வரிசை நீளும்போது, பக்கத்து ஒழுங்கையில் எடுக்கப்படும் அழைப்புத்தான் பயன்படும்.

முதல் தாள் புரட்டாசி முடியுமுன் வேண்டும். அதன் பின் ஐப்பசி தொடக்கம் தைப்பொங்கல்வரை கிழமைக்கொருமுறை, வெள்ளிக்கிழமை காலையில், மாறியதை மட்டும் திருத்திப் புதுத் தாள்: எந்தக் கான் முடிந்தது, எது முடியவில்லை, பவுசர் எங்கே நிற்கிறது, காய்ச்சல் எந்தப் பிரிவில் கூடுகிறது. கிராம உத்தியோகத்தர் பணிமனை, சந்தை, பேருந்து நிலையம், வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவு, வழிபாட்டிடங்கள் ஆகியவற்றின் பலகைகளில் ஒட்டினால் போதும். முடியாத வேலையை முடியவில்லை என்றே எழுதுங்கள், அதற்காக யாரும் கோபப்பட மாட்டோம். அந்த ஒழுங்கையில் இருப்பவர்கள் தங்கள் அரிசியையும் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் உயரத்தில் தூக்கி வைக்க அந்த ஒரு வரி உதவும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறோம். வாசிக்க, தட்டச்சுச் செய்ய, ஒட்ட, ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஆட்கள் வேண்டுமென்றால், அழையுங்கள், வருகிறோம்.

இங்ஙனம்,
திருகோணமலை நகரக் குடியிருப்பாளர்கள்